புது மோட்டார் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: நான் நிலாவெளியில் இருந்து உவர்மலையில் உள்ள அலுவலகத்துக்குத் தினமும் போய் வருகிறேன். ஒருவழி ஏறத்தாழ 16 கிலோமீற்றர். இதுவரை பெற்றோல் ஸ்கூட்டிதான். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை மறக்க முடியவில்லை. மின்சார சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உயர்தரம் படிக்கும் மகன், "பின்சில்லு மோட்டார் எல்லாம் பழசு, இப்ப நடு மோட்டார்தான், அதிலும் வருஷத்துக்கு ஒரு புதுசு வருது, பொறுங்கோ" என்கிறான். கடைக்காரர் பின்சில்லு மோட்டாரே போதும் என்கிறார். கணவரோ வீட்டில் நிற்கும் பழைய சைக்கிளில் ஒரு மோட்டார் கிட் வாங்கிப் பூட்டுவோம் என்கிறார். நான் சேலையோடு வேலைக்குப் போகிறவள். சில நாட்களில் ரியூஷன் முடிந்த மகளையும் பின்னால் ஏற்றி வரவேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, நிலாவெளி

பதில்:

வணக்கம் சகோதரி. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். காத்திருக்க வேண்டாம். உங்கள் பாதைக்குப் பின்சில்லின் நடுவிலேயே பூட்டிய, உள்ளே பற்சக்கரம் உள்ள ஹப் மோட்டார் தாராளம். மோட்டாரைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது பற்றரிக்குக் கொடுங்கள். நான்கைந்து வருடம் கழித்து உங்களைத் திரும்பக் கடைக்கு இழுக்கப்போவது அதுதான். மகளை ஏற்றி வரும் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. மோட்டார்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் நடு மோட்டார் புதுசு என்பது சரியில்லை. யமஹா 1993இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட 'பாஸ்' சைக்கிளிலேயே மோட்டார் பெடல் அச்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்று அளக்கும் சென்சரும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு 2011 வாக்கில் போஷ் ஐரோப்பாவில் இறங்கியது, ஷிமானோ வந்தது, சீனாவின் பஃபாங் வந்தது. 2023இல் ஜெர்மனியின் பினியன் மோட்டாரையும் கியர்ப் பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தது. 2024இல் ட்ரோன் செய்கிற டிஜேஐ 'அவினொக்ஸ்' என்ற மோட்டாரைக் கொண்டுவந்தது. எடை 2.52 கிலோ, முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், 105 நியூற்றன் மீற்றர். மகன் காட்டியது அநேகமாக இப்படி ஒன்றின் வீடியோவாக இருக்கும்.

அந்த 105 மலைச் சரிவில் கல்லுக்கும் வேருக்கும் மேலால் ஏறுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. நிலாவெளி வீதியில் அப்படி ஏறுவதற்கு என்ன இருக்கிறது? முழுப்பாதையும் கடலோரத்துச் சமதரை. உவர்மலைக்கு ஏறும் அந்தக் கடைசித் துண்டு ஒன்றுதான் ஏற்றம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். நூறு மீற்றருக்கு 5 மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறத்தாழ 200 வொட் வேண்டும். சுமாராக உழக்கினாலே அதில் 60, 70 வொட்டை உங்கள் கால் கொடுத்துவிடும். மிச்சத்தை 250 வொட் ஹப் மோட்டார் முக்கி முனகாமல் கொடுக்கும். அதைவிடச் செங்குத்தான துண்டிலும் ஹப் மோட்டாரை எரிப்பது ஏற்றம் அல்ல, ஏற்றத்தில் வேகம் அடியோடு குறைந்த பிறகும் காலை எடுத்துவிட்டு மோட்டாரையே இழுக்க விடுவது. வேகம் குறையக் குறைய அது உறிஞ்சும் மின்சாரம் இழுவையாக மாறாமல் சூடாகத்தான் மாறும். திருகோணமலையில் மோட்டார் கொயில் கட்டுவதும் மின்சார சைக்கிள் திருத்துவதும் என் தொழில். கருகிய மணத்தோடு வருகிற மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

அடிப்படையைப் பார்த்தால் எல்லாம் ஒரே இனம். பிரஷ் இல்லாத, நிலைக்காந்தம் வைத்த மோட்டார்கள். முப்பது வருடத்தில் எடை குறைந்திருக்கிறது, சத்தம் குறைந்திருக்கிறது, மென்பொருள் கெட்டித்தனமாகியிருக்கிறது. மணிக்கு 25 கிலோமீற்றருக்குள் சமதரையில் ஓடுகிறவருக்கு இதனால் கிடைக்கும் இலாபம் சொற்பம்.

நடு மோட்டாரை நான் குறைத்துப் பேசவில்லை. கண்டியிலோ நுவரெலியாவிலோ இருந்து இதே கேள்வி வந்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். நடு மோட்டாரின் பலம் சைக்கிளின் கியர் வழியாகச் சில்லுக்குப் போகிறது. அதனால் ஏற்றத்தில் சின்னக் கியருக்கு மாற்றினால் மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றும். அதற்குக் கொடுக்கும் விலையும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் காலின் பலமும் மோட்டாரின் பலமும் ஒரே செயினில் விழுவதால் செயினும் பற்சக்கரமும் சீக்கிரம் தேயும். இங்கே கடற்காற்றில் செயின் சும்மா நின்றாலே கறள் பிடிக்கும். அதோடு வெளியே தொங்கும் கியர் உள்ள சைக்கிளில் செயினை முழுதாக மூடுவது கஷ்டம். நீங்கள் சேலையோடு போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது மோட்டாரை விடப் பெரிய விஷயம். ஹப் மோட்டார் சைக்கிளில் செயின் உங்கள் காலின் பலத்தை மட்டும் சுமக்கிறது. ஒற்றைக் கியரே போதும், அதை முழுச் செயின் கவருக்குள் அடைக்கலாம். பின்சில்லின் இரண்டு பக்கமும் சேலைக்காப்பு வலை கட்டாயம். சட்டம் முன்பக்கம் தாழ்ந்து, காலைத் தூக்காமல் ஏறக்கூடியதாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் இல்லாத சைக்கிளை, அதில் என்ன மோட்டார் இருந்தாலும், பார்க்கவே வேண்டாம்.

ஹப் மோட்டாரிலும் இரண்டு வகை உண்டு. உள்ளே பற்சக்கரம் இல்லாமல் சில்லோடு சேர்ந்து நேரடியாகச் சுற்றுவது ஒன்று. அது பாரம் கூடியது, கரண்ட் இல்லாமல் உழக்கும்போது காந்தம் பின்னால் பிடித்து இழுக்கும். மற்றது சின்ன மோட்டார் வேகமாகச் சுற்ற, உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் அந்த வேகத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைத்துச் சில்லுக்குக் கொடுப்பது. மோட்டார் நின்றதும் சில்லு விடுபட்டுச் சாதாரண சைக்கிள் போல ஓடும். பாதி வழியில் பற்றரி தீர்ந்தால் மிச்சத்தை உழக்கித்தான் வீடு போகவேண்டும், ஆகவே உங்களுக்கு இரண்டாவது வகைதான். அதன் உள்ளே இருக்கும் நைலோன் பற்சக்கரங்கள் வருடக்கணக்கில் ஓடித் தேயும். தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். முன்சில்லில் மோட்டார் வைத்த சைக்கிள் விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நம் கடலோர வீதிகளில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலில் முன்சில்லு சறுக்கினால் பிடித்து நிறுத்த முடியாது.

இனி, உண்மையில் பழசாகிப் போவது எது என்று பார்ப்போம். நான் பார்த்தவரை மோட்டார் பழசாகிக் கைவிடப்பட்ட சைக்கிள் அரிது. பற்றரி கிடைக்காமல், அல்லது மாற்றி வைத்த பற்றரியோடு மோட்டார் 'பேசாமல்' மூலையில் சாய்த்து வைத்தவைதான் கூட. பெரிய கம்பனிகளின் முறைகளில் மோட்டார், பற்றரி, திரை எல்லாம் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும். அந்தக் கம்பனியின் பற்றரி அல்லாததை மோட்டார் ஏற்காது. போஷ் 2021இல் புது 'ஸ்மார்ட் சிஸ்டம்' கொண்டுவந்தபோது அதற்கு முந்தைய முறையின் பற்றரிகள் அதில் பொருந்தவில்லை. முகவரும் உதிரிப்பாகமும் பக்கத்திலேயே உள்ள நாட்டில் இது பெரிய குறையல்ல. திருகோணமலையில் இருந்துகொண்டு அப்படி ஒரு பற்றரிக்கு எங்கே போவது?

வெளியூரில் இருந்து இணையத்தில் எடுக்கலாம் என்று மகன் சொல்லக்கூடும். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலில் இருந்து உலகம் முழுவதும் தடை. அபாயப் பொருள் என்ற முத்திரையோடு வேறு வழியில்தான் வரவேண்டும். ஆகவே பற்றரியைத் தானே இறக்குமதி செய்து வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். "மூன்று வருடத்துக்குப் பிறகு இதே பற்றரி தருவீர்களா, இன்று அதன் விலை என்ன?" என்று கேளுங்கள். விலையை உடனே சொல்லத் தெரியாதவர் பற்றரி வைத்திருப்பவர் அல்ல.

சாதாரண ஹப் மோட்டாரின் அழகு இங்கேதான் தெரியும். அதிலிருந்து வருவது மூன்று தடித்த கம்பியும், மோட்டார் சுற்றும் நிலையை அறியும் ஹோல் சென்சருக்கான ஐந்து மெல்லிய கம்பியும், சிலவற்றில் வேகம் பார்க்க இன்னொன்றும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ரோலர் செத்தால் அதே வோல்ற்றளவும் அதே அம்பியரும் உள்ள வேறு கம்பனிக் கொன்ரோலரைப் பூட்டி ஓட்டலாம். பற்றரி செத்தால் அதே வோல்ற்றளவில் வேறொன்று வைக்கலாம். கம்பி பொருத்தத் தெரிந்த எந்தப் பட்டறையிலும் இந்த வேலை நடக்கும்.

பற்றரியின் அளவுக்கு வருவோம். வோல்ற்றையும் அம்பியர் மணியையும் பெருக்கினால் வொட் மணி வரும். 36 வோல்ற்று 14 அம்பியர் மணி என்றால் 504. 48 வோல்ற்று 13 அம்பியர் மணி என்றால் 624. காற்றில்லாத நாளில் நீங்களும் உழக்கினால் கிலோமீற்றருக்கு 10 வொட் மணி போதும். 32 கிலோமீற்றருக்கு 320. ஆனால் நம் ஊரில் காற்றில்லாத நாள் எத்தனை? தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் நகரத்துக்கு வரும்போது அது வலப்பக்க முன்னாலிருந்து தள்ளும். சாம்பல்தீவுப் பக்கத்துத் திறந்த வெளியில் உங்கள் ஸ்கூட்டியே ஆடியிருக்கும். மாரியில் வாடைக்காற்று மாலைப் பயணத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் கிலோமீற்றருக்கு 15 என்று வையுங்கள், போய்வர 480 ஆகிறது. 504 வொட் மணிப் பற்றரி புதிதாக இருக்கும்போதே அது விளிம்பு. சில நூறு தடவை சார்ஜ் பண்ணிய பிறகு பற்றரி ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்போது 504 என்பது 400 ஆகிவிடும். வீட்டில் மட்டும் சார்ஜ் பண்ணுவதென்றால் 624க்குக் குறைந்து எடுக்கவேண்டாம். அலுவலகத்தில் மேசைக்குப் பக்கத்தில் சார்ஜ் பண்ண மேலதிகாரி சம்மதித்தால் 504 போதும். முழுச் சார்ஜுக்கும் ஒரு யூனிற் மின்சாரம்கூடப் போகாது என்று அவரிடம் சொல்லுங்கள், சம்மதிப்பார்.

ஈய அமிலப் பற்றரி வைத்த மலிவு வண்டிகளும் காட்டுவார்கள். 12 வோல்ற்றுப் பற்றரி நான்கு, பற்றரி மட்டுமே 16 கிலோ அளவுக்கு வரும். அடிக்கடி அடிமட்டம் வரை தீர்த்தால் சீக்கிரம் செத்துப்போகும். 32 கிலோமீற்றர்க்காரருக்கு அது வேண்டாம்.

லித்தியத்துக்கு எதிரி வெயில். அலுவலக வாசலில் வெயிலில் சைக்கிளை விட்டாலும் பற்றரியைக் கழற்றி உள்ளே எடுத்துப் போங்கள். கழற்ற முடியாத பற்றரி உள்ள சைக்கிளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது முழுச் சார்ஜில் விட்டுவிட்டுப் போகாமல் பாதியளவில் வைத்துப் போங்கள். 36 வோல்ற்று லித்தியம் பற்றரியின் சார்ஜர் 42 வோல்ற்றில் நிற்கும், 48 வோல்ற்றுடையது பெரும்பாலும் 54.6இல் நிற்கும். ஒன்றை மற்றதில் குத்துவது தீயோடு விளையாடுவது. சார்ஜர் பழுதானால் பக்கத்து வீட்டுச் சார்ஜரைக் கேட்காதீர்கள். இரவில் எல்லோரும் படுத்த பிறகு, அதுவும் வாசல் வழியை மறித்தபடி சார்ஜில் போடவும் வேண்டாம். 2 அம்பியர் சார்ஜருக்கு ஆறேழு மணித்தியாலம் எடுக்கும், மாலையில் வந்ததும் போட்டால் படுக்கப்போகும் நேரத்துக்கு முடியும்.

உப்புக்காற்று பற்றிக் கடைக்காரர்கள் வாய் திறப்பதில்லை. நான் திருத்தும் பழுதுகளில் பலவற்றுக்குக் காரணம் மோட்டாரோ பற்றரியோ இல்லை, பச்சை படிந்த இணைப்பு முனைகள். கம்பிகள் ரப்பர் வளையம் வைத்த, திருகாமல் நேராகக் குத்தும் நீர்புகாத இணைப்புகளால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதும் எல்லா இணைப்பையும் ஒருமுறை கழற்றி மின்சார வேலைக்கான சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் பூசச் சொல்லுங்கள். மழையில் நனைவதால் ஒன்றும் ஆகாது. மாரி வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டினால் மோட்டாருக்குள் தண்ணீர் போகும், கம்பி உள்ளே நுழையும் இடமும் அந்த அச்சுதான். சேர்விஸ் ஸ்டேஷன் குழாயால் அடித்துக் கழுவுவதும் அதே வேலையைத்தான் செய்யும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பஞ்சர் ஹப் மோட்டாரின் உண்மையான தொல்லை. பின்சில்லைக் கழற்ற மோட்டார் கம்பியையும் பிரிக்கவேண்டும். ஆனால் ஒட்டுப் போடுவதற்குச் சில்லைக் கழற்றவே தேவையில்லை. ஒரு பக்கத்து ரயரை விளிம்பில் இருந்து விடுவித்து, ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டலாம். இதை உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியும், தெரியாவிட்டால் ஒருமுறை காட்டினால் போதும். முள்ளுக்குத் தாங்கும் தடித்த ரயராக முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

பிறேக் இரண்டும் டிஸ்க் ஆக இருக்கட்டும். 25 கிலோ வண்டி, இரவில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள், நகரத்துக்குள் வந்துவிட்டால் திடீரென்று குறுக்கே பாயும் மான்கள். எண்ணெயில் இயங்கும் பிறேக்கை விடக் கம்பியில் இயங்கும் டிஸ்க் பிறேக் நமக்குத் தோது, யாரும் திருத்துவார்கள். பிறேக்கைத் தொட்டவுடன் மோட்டார் நிற்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள்.

சென்சர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்பேன். மலிவானதில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சர் இருக்கும். பெடல் அசைந்ததும் மோட்டார் ஒரே இழுவையாக இழுக்கும், சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது எரிச்சலூட்டும். மிதிக்கும் விசையை அளக்கும் சென்சர் இப்போது ஹப் மோட்டார் சைக்கிள்களிலும் வருகிறது. மெதுவாக மிதித்தால் மெதுவாக, அழுத்தினால் பலமாக. பற்றரியும் மிச்சமாகும்.

உழக்காமல் அக்சிலேற்றரில் மட்டும் ஓடும் வண்டி என்றால் கதை வேறு. ஐரோப்பாவில் 250 வொட்டுக்குள், உழக்கும்போது மட்டும், மணிக்கு 25 கிலோமீற்றர் வரை உதவும் மோட்டார் வைத்ததுதான் சைக்கிள் என்று கணக்கு. அந்த விதி இங்கே செல்லும் என்று கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் வாங்கும் மாதிரிக்குப் பதிவும் இலக்கத் தகடும் அனுமதிப்பத்திரமும் வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காசைக் கொடுங்கள். பெடல் இருந்தும் ஸ்கூட்டி உருவில் உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் கூட. சந்தேகமென்றால் கரண்டை நிறுத்திவிட்டு ஒரு கிலோமீற்றர் உழக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் அது சைக்கிள் அல்ல.

கணவரின் யோசனை மலிவானது, ஆனால் உங்களுக்கு வேண்டாம். பழைய சைக்கிளின் பிறேக்கும் சில்லுக் கம்பிகளும் தினமும் 32 கிலோமீற்றருக்கும் அந்த வேகத்துக்கும் செய்யப்பட்டவை அல்ல. சந்தைக்குப் போய்வர அவருக்கு ஒன்று பூட்டிக் கொடுங்கள், அதற்கு நல்லது.

இனி மகள். காறியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும், வழமையாக 25 கிலோ அளவு. ரியூஷன் போகும் வயதுப் பிள்ளைக்கு அது போதாது. பின்சில்லுக் கம்பிகளில் ஏற்கெனவே மோட்டாரின் பாரமும் இழுவையும் இருக்கின்றன, அதற்கு மேல் ஒரு ஆள் என்றால் கம்பிகள் ஒவ்வொன்றாக முறியத் தொடங்கும். அவளை ஏற்றுவது வாரத்தில் ஒருநாள் என்றால் அன்று ஸ்கூட்டியை எடுங்கள், அதை உடனே விற்கவேண்டாம். தினமும் ஏற்றவேண்டும் என்றால் நீங்கள் தேடவேண்டியது மின்சார சைக்கிள் அல்ல, இருவர் இருக்கக்கூடிய, பதிவு செய்த மின்சார ஸ்கூட்டர்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். 16 கிலோமீற்றருக்கு முக்கால் மணித்தியாலம் போகும், ஸ்கூட்டியை விடக் கூட. கடைக்காரரிடம் சைக்கிளை ஒரு முழு நாளைக்கு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வெறும் கடை வாசலில் ஒரு சுற்று வேண்டாம், கச்சான் அடிக்கும் நாளில் வீட்டில் இருந்து உவர்மலை வரை, அலுவலகப் பையோடும் சேலையோடும். திரும்பி வந்ததும் மோட்டார் கூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கலாம், கை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்த மாதிரியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.